நான்கு பேர் விலையில் ஒரு கண்ட்ரோலர்

தோட்டப்புறத்திலே ஒரு பொருளின் விலையை ரூபாவிற் கூறுவது கடைக்காரரின் வழக்கம். வாங்குவோர் அதனைப் 'பேரி'லேயே கணக்கிடுவர். பேர் என்பது ஒரு நாள் வேலை. காலையிற் பெரட்டுக் களத்திற் பெயர் பதியப்பட்டு, மாலையில் நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்தும் நிறுக்கப்பட்டால் அது முழுப் பேர். நிறை குறையுமாயின் அரைப்பேர். 2021 இல் 1000 ரூபாவாக்கப்பட்ட நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1350 ரூபாவாக்கப்பட்டது. ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு வீதம் கழிந்தபின் அப்போது எஞ்சியது 1242 ரூபா. 2025 தீபாவளிக்கு முன்னர், விளையாட்டுப் பொறிக்கு இன்னொரு கண்ட்ரோலர் வேண்டுமெனத் தம்பி கேட்டபோது, அம்மா விலை என்னவென்று வினவவில்லை. "எத்தன பேரு?" என்றுதான் கேட்டார்.

அப்பொறி அண்ணனுடையது. ஊவாத் தோட்டங்களின் இளைஞர் பலரைப் போலவே அவரும் கொழும்பிற் கடையொன்றில் வேலை செய்கிறார். எவரோ பாவித்து விற்ற பிளேஸ்டேஷன் 4 ஒன்றை அங்கு வாங்கி, ஒரு பொங்கலுக்கு வந்தபோது பசறை வீதியிலுள்ள எங்கள் லயத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அதனோடு வந்தது ஒரேயொரு கண்ட்ரோலர். ஆண்டிலே ஏழெட்டு நாட்கள் மாத்திரம் ஒரு கூரையின் கீழ் இருக்கும் இரு சகோதரர்கள், ஒருவர் ஆட மற்றவர் பார்த்திருந்து, தோற்றதும் கைமாற்றி, அந்நாட்களைக் கழித்தனர். பந்தாட்டத்தில் எதிரணி எப்போதும் பொறியாகவே இருந்தது. தம்பிக்கு வேண்டியிருந்தது அண்ணனை எதிர்த்து ஆடுவதற்கு ஒரு வழி. இதனை ஆடம்பரம் என்போர் இருக்கலாம். அவர்களோடு வாதிட நான் விரும்பவில்லை, அம்மாவே வாதிடவில்லை.

கம்பியுள்ளதா, கம்பியில்லாததா என்பது முதல் வினா. சோனி நிறுவனத்தின் பொறிகளிற் கம்பியில்லாக் கண்ட்ரோலரே வழமையானது 2006 இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 3 முதலாகும். அதன்பின் கம்பியுள்ளது என்றாலே தரங்குறைந்தது என்றோர் எண்ணம் வேரூன்றிவிட்டது. விளம்பரப் படங்களில் அகன்ற கூடமொன்றின் ஒரு கோடியிலே திரை இருக்கும். மறு கோடியில், நீண்ட சாய்மனையிலே குடும்பம் வீற்றிருக்கும். அந்தத் தூரத்துக்காகவே கம்பி நீக்கப்பட்டது. லயன் காம்பராவோ பத்தடிக்குப் பன்னிரண்டடி. தொலைக்காட்சியிலிருந்து எவ்வளவு பின்வாங்கினாலும் முதுகு சுவரில் முட்டும். மூன்று மீற்றர்க் கம்பியைக் கொடுத்தால் அதிற் பாதியைச் சுருட்டி வைக்கவேண்டியதுதான். இல்லாத தூரத்துக்கு விலை கொடுப்பானேன்? மேலும், கம்பியில்லாக் கண்ட்ரோலரின் மின்கலம் ஆண்டுகள் செல்லச் செல்ல நலிவடையும். கம்பியுள்ளதற்கு அக்கவலையே இல்லை.

இரண்டாவது வினா சற்றுக் கடினமானது. மலிவான கண்ட்ரோலர்கள் வெளித்தோற்றத்தில் யாவும் ஒன்றே. ஆயின், கணினிக்கெனவும் பிளேஸ்டேஷன் 3 இற்கெனவும் செய்யப்பட்ட சாதாரண யூ.எஸ்.பி. கண்ட்ரோலரைப் பிளேஸ்டேஷன் 4 ஏற்காது. செருகினால் விளக்கு எரியலாம், ஆட்டம் நகராது. சோனியின் உரிமம் பெற்று ஹோரி என்னும் யப்பானிய நிறுவனம் வெளியிட்ட சிறிய கம்பிக் கண்ட்ரோலர் போன்றவை ஐயமின்றி இயங்கும். அதிலே அதிர்வு இல்லை, ஒலிபெருக்கி இல்லை. பந்தாட்டத்துக்கு இவையிரண்டும் இன்றியமையாதன அல்ல.

மூன்றாவது, பெருவிரலால் இயக்கும் தண்டுகள். ஒவ்வொரு தண்டின் அடியிலும் கரிப்பூச்சிட்ட இரு தடங்கள் உள்ளன. தண்டு அசையும்போது சிறு உலோக நாவொன்று அத்தடத்தின் மீது உராய்ந்து, எவ்வளவு சாய்ந்தது என்பதனைத் தெரிவிக்கின்றது. உராய்வினால் தடம் தேயும். தேய்ந்தபின், விரல் படாத வேளையிலும் திரையிலே வீரன் தானாக ஒருபுறம் நடப்பான். உராய்வுக்கு இடமின்றிக் காந்தத்தால் அளவிடும் தண்டுகளும் இப்போது வருகின்றன. அவற்றின் விலை எங்கள் 'பேரு'க்கு எட்டவில்லை. 2022 இல் டொலரொன்று இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபது ரூபாவரை ஏறியபின், இறக்குமதிப் பொருள் எதனையும் முன்னைய விலையில் நினைத்துப் பார்ப்பது வீண்.

பதுளை நகரிலே தம்பியும் நானும் மூன்று கடைகள் ஏறி இறங்கினோம். முதற் கடையில், "எல்லாத்துக்கும் வேலை செய்யும், தம்பி" என்று உறுதி கூறப்பட்ட கண்ட்ரோலரின் பெட்டியிலே கணினியின் பெயரும் பிளேஸ்டேஷன் 3 இன் பெயரும் மாத்திரமே அச்சிடப்பட்டிருந்தன. விலை 2500 ரூபா, இரண்டு பேர். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அது மலிவு. இரண்டாவது கடையில் ஹோரியினது இருக்கவில்லை. பெயரறியாத வேறொன்று 6500 ரூபாவுக்கு இருந்தது. போட்டுப் பார்க்க அனுமதியில்லை.

மூன்றாவது, கைத்தொலைபேசி திருத்தும் சிறு கடை. அங்கே கண்ணாடிப் பெட்டியின் மூலையில், சோனியின் அசல் கண்ட்ரோலர் ஒன்று மின்கலம் செயலிழந்த நிலையிற் கிடந்தது. நான் தேடிச் சென்றது அதனையேயன்றோ என்று பின்னர் தோன்றிற்று. பிளேஸ்டேஷன் 4 இன் கண்ட்ரோலர் 2016 இலே திருத்தி வெளியிடப்பட்டது. அத்திருத்திய வகை யூ.எஸ்.பி. கம்பி வழியாகவும் பொறியோடு நேரே தொடர்பு கொள்ளும். தொடுபலகையின் மேல்விளிம்பில் ஒளிக்கீற்றொன்று தெரிவதே அவ்வகையின் அடையாளம். பொறியின் அமைப்புப் பகுதியிலே தொடர்பு முறையைக் கம்பிக்கு மாற்றிவிட்டால், மின்கலம் இறந்திருப்பினும் ஆட்டம் நடைபெறும். கம்பியில்லாமல் ஆட விரும்புவோருக்கு அது பயனற்ற பண்டம். எங்களுக்கோ அதுவே கம்பியுள்ள கண்ட்ரோலர்.

கடைக்காரர் நல்லவர். தம்மிடமிருந்த பொறியிலே பொருத்திக் காட்டினார். கம்பி செருகப்பட்டும் கண்ட்ரோலர் அசையவில்லை. தம்பியின் முகம் வாடிற்று. மேசைமேலிருந்த வேறொரு கம்பியை எடுத்து மாற்றச் சொன்னேன்; உடனே இயங்கிற்று. மின்னேற்றத்துக்கு மாத்திரம் பயன்படும் கம்பியில் தரவு செல்லும் இழைகள் இரா. வெளியே இரண்டும் கறுப்புத்தான். பின்பு கண்ட்ரோலரைத் தொடாமல் மேசையில் வைத்து, திரையிலுள்ள தெரிவு தானாக நகர்கின்றதா என்று சில நிமிடங்கள் பார்த்திருந்தோம். நகரவில்லை. தண்டுகளை நாற்புறமும் சுழற்றிவிட்டு மீண்டும் வைத்தோம், அப்போதும் அசைவில்லை. கம்பியோடு சேர்த்து 4900 ரூபா கேட்டார். பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. தம்பி பேசி நூறு ரூபா குறைத்தான்.

வீடு வந்ததும் அம்மா அதனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொழுந்தின் கறை படிந்து வெடித்த பெருவிரலால் ஒரு தண்டை மெல்லச் சாய்த்து விட்டார். அது நடுவுக்கு மீண்டது. மறுபடியும் சாய்த்தார். "நாலு பேரு" என்று கூறி, தம்பியின் கையிலே கொடுத்தார். கம்பி செருகும் வாயிலே ஆட்டம் கொடுத்தால் அவ்விடம் விரைவில் தளரும் என்று நான் கூறவே, சேலைக் கரையிலிருந்து கிழித்த நாடாவினாற் கம்பியைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிட்டவரும் அவரே.

தீபாவளிக்கு அண்ணன் ஐந்து நாட்கள் தங்கினார். முப்பத்தொரு பந்தாட்டங்கள் நடைபெற்றன. தான் பதினேழில் வென்றதாகத் தம்பி கூறுகிறான். கொழும்பிலிருந்து தொலைபேசியில் அண்ணன் அதனை இன்னும் மறுத்துக்கொண்டிருக்கிறார்.