பழைய கார்களோடு ஒகேனக்கல் பாதையில்

பழங்கால மோட்டார் வண்டிகளைப் பேணி வைத்திருப்போர் ஓரிடத்தில் கூடுவதும், எழில்மிகு பாதைகளில் அவற்றை ஓட்டிச் செல்வதும், பின்னர் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதும் நம் நாட்டிற்குப் புதியன அல்ல. தில்லியில் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் 1964 ஆம் ஆண்டிலேயே இத்தகைய ஊர்வலத்தைத் தொடங்கியது. 1914 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஜான் மாரிஸ் தீயணைப்பு வண்டியொன்று, இரயில் அருங்காட்சியகத்திலிருந்து வந்து அதில் கலந்துகொண்டு புகழ் பெற்றது. சென்னையிலும் இதற்கெனச் சங்கங்கள் உள. கோவையிலோ, 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தை ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடுவின் பெயரால் விளங்கும் அறக்கட்டளையினர், 2015 இல் கார்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தனர்.

நம் தருமபுரி மாவட்டத்தில் அத்துணைப் பெருங்கூட்டம் எதையும் நாம் கண்டதில்லை. ஆயினும் நண்பர்கள் நால்வர் தத்தம் பழைய வண்டிகளோடு ஒரு சனிக்கிழமை ஒகேனக்கல் வரை சென்று வரவும், மறுநாள் திருப்பலிக்குப்பின் ஆலய வளாகத்தில் அவற்றை நிறுத்திக் காட்டவும் எண்ணி, நம்மையும் அழைத்தனர். மகிழ்ந்து உடன் சென்றோம்.

வந்தவை ஓர் அம்பாசிடர், ஒரு பியட், ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஒரு ஜீப்பு. ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மூலமாகக் கொண்டு வங்கத்தின் உத்தரபாராவில் உருவான அம்பாசிடர், 2014 இல் உற்பத்தி நிற்கும் வரை ஏறத்தாழ அதே முகத்தோடு வாழ்ந்தது. ஹெரால்டோ நம் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்தில் பிறந்தது. 1961 முதல் வெளிவந்தது. ஜீப்பைப் பற்றி நம் மூத்த வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண் பாதைகளில் புழுதி கிளப்பிக்கொண்டு, கிளைக் கிராமங்களுக்குத் திருப்பலி நிறைவேற்ற வந்த குருக்களை அவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

புறப்படுமுன் பங்குக் குரு வண்டிகளை மந்திரித்தார். திருச்சபையின் இரோமைச் சடங்கு நூலில் வாகனங்களை ஆசீர்வதிக்கும் செபம் ஒன்று உண்டு. தேரில் அமர்ந்து மறைநூல் வாசித்துச் சென்ற எத்தியோப்பியருக்குத் திருத்தொண்டர் பிலிப்பு விசுவாசத்தை அறிவித்த நிகழ்ச்சியை அது நினைவுகூர்கிறது. வழிப்பயணம் ஒரு மனிதனின் ஞானஸ்நானத்தில் முடிந்த வரலாறு அது. திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரத்தில் காணலாம்.

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். நேர்வழி செல்லாமல் பாப்பாரப்பட்டி வழியாகச் சுற்றிச் சென்றோம். விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று உயிர் நீத்த ஊர் அது. சிறைக் கொடுமையோடு தொழுநோயும் சேர்ந்துகொள்ள, அந்நோயாளர் இரயிலில் ஏறலாகாது என்று அன்றைய அரசு தடுத்தபின்னும் அவர் ஓய்ந்தாரில்லை. நடந்தே ஊர் ஊராகச் சென்று பேசினார். அவருடைய நினைவிடத்திற்கு எதிரில் மெருகேற்றிய கார்களை நிறுத்திவிட்டு நின்றபோது, நம்முள் எவருக்கும் பேச்செழவில்லை.

பாப்பாரப்பட்டியைத் தாண்டியதும் பியட் நின்றுவிட்டது. வெயில் ஏறிய வேளை. எஞ்சினின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்டால், பம்பினால் அதை இழுக்க இயலாது. ஜீப்பின் பின்னிருக்கையில் கருவிப் பெட்டியோடு வந்த மேஸ்திரி இறங்கி, பம்பின்மேல் ஈரத்துணி சுற்றினார். கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பிற்று. எழுபதைக் கடந்த இம்மேஸ்திரிதான் நான்கு வண்டிகளுக்கும் வைத்தியர். "ஈயம் கலந்த பெட்ரோல் 2000 ஆம் வருசத்தோட போச்சு, அப்ப வால்வைக் கவனிச்சோம். இப்ப எரிசாராயம் கலக்கறாங்க. பழைய ரப்பர் குழாய் தாங்காது, எல்லாத்தையும் மாத்தணும்" என்றார் அவர். நூறு பங்கு பெட்ரோலில் இருபது பங்கு எத்தனால் என்னும் அளவை நாடு 2025 இல் எட்டியது. புது வண்டிகளைக் கருதிச் செய்யப்பட்ட ஏற்பாட்டில் பழைய வண்டிகளின் பாடு இவ்வாறாயிற்று.

பென்னாகரத்திற்கு அப்பால் காடு தொடங்குகிறது. பாதை காவிரியை நோக்கி வளைந்து வளைந்து இறங்குகிறது. இறக்கத்தின் தலைப்பில் மேஸ்திரி எல்லா வண்டிகளையும் நிறுத்தச் செய்தார். "இரண்டாவது கியர். அதை மாத்தக்கூடாது. பிரேக்கை மிதிச்சே வைக்கவும் கூடாது" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொன்னார். பழைய வண்டியின் டிரம் பிரேக்கு தொடர்ந்து உராய்ந்தால் சூடேறிப் பிடியை இழக்கும். இதே மாவட்டத்துத் தொப்பூர்க் கணவாயில் நேர்வது அதுதானே! எண்ணெய் மிச்சமாகும் என்று கியரை விடுவித்து இறங்கும் லாரிகள் கட்டுக்கடங்காமல் ஓடி, முன்னே நிற்பவற்றை நொறுக்கிய துயரங்களை நாம் அறிவோம். 2020 டிசம்பரில் ஒரே விபத்தில் நால்வர் மாண்டனர். மேஸ்திரியின் குரலிலிருந்த கண்டிப்பு நமக்கு மிகையாகத் தோன்றவில்லை.

அடிவாரத்தில் அவர் முதலில் செய்த காரியம், ஒவ்வொரு சக்கரத்தருகேயும் குனிந்து புறங்கையால் டிரம்மைத் தொட்டுப் பார்த்தது. அதன்பிறகே அருவியைப் பார்க்க வந்தார்.

ஒகேனக்கல்லைப் பற்றி நாம் விரிக்க வேண்டுமோ? புகையும் பாறை என்று கன்னட மொழி சொல்லும் பெயரே போதும். பரிசலில் ஏறினோம், வறுத்த மீன் உண்டோம், இருட்டுமுன் திரும்பினோம்.

ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் ஆலய வளாகம் திருவிழாக்கோலம் பூண்டது. சிறுவர் ஹெரால்டின் முன்புறம் முழுவதும் ஒரே மூடியாகத் திறப்பதைக் கண்டு ஆரவாரித்தனர். ஒவ்வொரு வண்டியின் முன்னும் ஓர் அட்டை: உரிமையாளர் பெயர், ஆண்டு, எஞ்சின் அளவு. ஐம்பது ஆண்டு கடந்தவற்றைத் தனிப் பதிவு எண்ணோடு பேண 2021 இல் மத்திய அரசு விதி வகுத்துள்ள செய்தியையும் ஒருவர் எழுதி ஒட்டியிருந்தார். வண்டியை ஓடச் செய்தவரின் பெயர் மட்டும் எந்த அட்டையிலும் இல்லை. இதனை நாம் பெருங்குறையாகவே கருதுகிறோம். மெருகுக்குப் பரிசளிப்போர் உண்டு. மலையிறக்கத்தில் ஐந்து குடும்பங்களைக் காத்த பிரேக்கு, சக்கரத்தினுள் மறைந்தல்லவா கிடக்கிறது!

பங்குக் குரு மேஸ்திரியிடம், அவர் பிள்ளைகள் இத்தொழிலில் இருக்கிறார்களா என வினவினார். "இல்லீங்க சாமி. பெரியவன் கிருஷ்ணகிரிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் ஆலைக்குப் போறான். சின்னவனுக்குக் கம்ப்யூட்டர். எனக்குப் பின்னால இதைத் தொட ஆளில்லை" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, இன்று மழை வராது என்பதைப் போலச் சொன்னார்.

நண்பகலில் கூட்டம் கலைந்தபின், ஐ.டி.ஐ.யில் பயிலும் இளைஞர் இருவர் அம்பாசிடரின் அருகிலேயே நின்றிருந்தனர். அவர்களுள் ஒருவன், டிரம்முக்குள் என்னதான் இருக்கிறது என்று கேட்டான். மேஸ்திரி, கழற்றிக் காட்டட்டுமா என உரிமையாளரை நோக்கினார். காலையில்தான் துடைத்து மெருகேற்றிய வண்டி. உரிமையாளர் சற்றுத் தயங்கினார். பிறகு தாமே பின்பக்கம் சென்று ஜாக்கியை எடுத்துக் கொடுத்தார்.