ஆறு டெசிபல் இடம்

சாலிகிராமத்தில் நான் போன ஸ்டுடியோவுக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. மாடியில் இரண்டு அறை, கனத்த கதவு. தனிப்பாடல் ஒன்றின் மிக்ஸ் முடிந்து, மறுநாள் மாஸ்டரிங்குக்கு, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்புக்கு, போக வேண்டும். “மிக்ஸ்தான் முடிஞ்சுதே, இன்னும் என்ன வேலை?” என்றேன். “கழிக்கிற வேலை சார்” என்றார் மிக்ஸிங் இன்ஜினியர்.

முதலில் கழற்றியது, உச்சங்களை அமுக்கிச் சத்தத்தை ஏற்றும் லிமிட்டரை. கேட்க எடுப்பாக இருக்கட்டும் என்று மாஸ்டர் டிராக்கில் போட்டு வைத்திருந்தாராம். எடுத்ததும் பாட்டு சட்டென்று அடங்கிப்போனது. பின்னால் உட்கார்ந்திருந்த தயாரிப்பாளர் நிமிர்ந்தார்.

“என்ன தம்பி, பாட்டு டல்லாயிடுச்சு?”

“சத்தம்தான்ணே குறைஞ்சிருக்கு. வால்யூமை ஏத்திக் கேளுங்க.”

ஏற்றிக் கேட்டோம். இதுவரை பாடகியின் குரலோடு அப்பிக்கிடந்த தவில், இப்போது அடிக்கு அடி தனியாகக் கேட்டது. மாஸ்டர் டிராக்கிலேயே இருந்த கம்ப்ரஸரை மட்டும் அவர் தொடவில்லை. ஆரம்பத்திலிருந்தே அதன் வழியாகக் கேட்டுத்தான் மிக்ஸ் செய்திருக்கிறார். எடுத்தால் குரலுக்கும் வாத்தியத்துக்கும் இடையிலான அளவே மாறிவிடும்.

மீட்டரில் உச்சம் மைனஸ் 6 டெசிபல் பக்கம் நின்றது. அப்படியொன்றும் சட்டமில்லை, வழக்கம்தான். 24 பிட் கோப்பில் 6 டெசிபல் விடுவதால் போவது ஏறக்குறைய ஒரு பிட். மாறாக, உச்சம் நசுங்கிப்போன மிக்ஸை மாஸ்டரிங்கில் முழுதாக மீட்க முடியாது. 2008-இல் மெட்டாலிகா ராக் குழுவின் ‘டெத் மேக்னடிக்’ ஆல்பம் காதைக் கிழிக்கிறது என்று ரசிகர்கள் கொதித்தபோது, தன்னிடம் வரும்போதே மிக்ஸ் நசுங்கித்தான் இருந்தது என்றார் மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன்.

அடுத்து மோனோ. இடது வலது இரண்டையும் ஒன்றாக்கியதும் தவிலில் தொப்பி எனும் இடது முகத்தின் கனமே காணோம். இரு பக்கமும் எதிரெதிராக வைத்த மைக்குகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. ஒன்றின் பொலாரிட்டியைத் திருப்பினார், கனம் வந்துவிட்டது. திருவிழாக் குழாய் ஒலிபெருக்கியில் மோனோவாக ஒலிக்கப்போகும் பாட்டுக்கு இது முக்கியம்.

பாடகியின் ‘ஸ’ உறுத்திய இடங்களைக் குரல் டிராக்கிலேயே தணித்தார். மாஸ்டரிங்கில் கை வைத்தால் சிம்பலும் சேர்ந்து மங்கும். கடைசி எதிரொலி முழுதாக அடங்கும்வரை வால் விட்டு, பதிவு செய்த அதே 48 கிலோஹெர்ட்ஸில் 24 பிட் வேவ் கோப்பாக எடுத்தார். லிமிட்டர் போட்ட பிரதியும் கூடவே போகிறது, தயாரிப்பாளர் எதைக் கேட்டுப் பழகினார் என்று மாஸ்டரிங்காரருக்குத் தெரிவதற்காக.

சத்தமாக அனுப்பினால் என்ன என்று தயாரிப்பாளர் இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தார். ஸ்பாட்டிஃபை, கேட்பவர் அமைப்பை மாற்றாதவரை, பாடல்களை ஏறக்குறைய மைனஸ் 14 லஃப்ஸ் என்ற சத்த அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது. கூடுதல் சத்தம் அங்கே குறைக்கப்பட்டுவிடும். இன்ஜினியர் அதைச் சொன்ன பிறகே அவர் ஒத்துக்கொண்டார்.

இவ்வளவுக்கும் அரை நாள் ஆனது. தனிக் கூலி கிடையாது, மிக்ஸுக்குப் பேசிய தொகையிலேயே அடக்கம். ஆனாலும் பட்ஜெட் போடுகிறவர்கள் இந்த அரை நாளையும் ஒரு வரியாக எழுதிக்கொள்ள வேண்டும்.