பிடரியில் ஒரு தழும்பு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

சென்ற ஆண்டு நம் விலங்கியல் மன்றக் கூட்டத்தில் ஒட்டுண்ணிகளைப் பற்றிப் பேச என்னை நிறுத்தினார்கள். கரப்பானை வேட்டையாடும் பச்சைக் குளவியைப் பற்றிப் பேசினேன். அது கரப்பானின் மார்பில் ஒரு முறை கொட்டுகிறது. பிறகு கழுத்து வழியே மூளையைத் தேடி இன்னொரு முறை கொட்டுகிறது. கரப்பான் சாவதில்லை. கால்களும் செயலற்றுப் போவதில்லை. தானாக நடக்கவேண்டும் என்ற எண்ணம் மட்டும் அதை விட்டுப் போய்விடுகிறது. குளவி அதன் மீசையைக் கவ்விக்கொண்டு முன்னே போக, கயிறு கட்டிய ஆட்டைப் போலக் கரப்பான் பின்னே போகிறது. போகும் இடம் குளவியின் வளை. அங்கே கரப்பானின் காலில் ஒரு முட்டை ஒட்டப்படும். முட்டையிலிருந்து வரும் புழு, கரப்பானை உயிரோடு தின்று வளரும்.

பேசி இறங்கியதும் நம் பேராசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "இந்த ஒரு விஷயத்தை வைத்தே அமெரிக்காக்காரன் எத்தனையோ படம் எடுத்துவிட்டான், பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார். அவர் மாணவராக இருந்த காலத்தில் மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே, விக்டோரியா எட்வர்டு மன்றக் கட்டிடத்தில் ரீகல் தியேட்டர் இருந்ததாம். பகலில் படிப்பகம், பொழுது சாய்ந்தால் ஆங்கிலப் படம். "பகலில் படித்த ஆங்கிலத்தைவிட ராத்திரி பார்த்த ஆங்கிலம்தான் இன்னும் நினைவிருக்கிறது" என்றார். நாலைந்து படங்களின் பெயரை என் நோட்டின் பின்பக்கத்தில் எழுதியும் கொடுத்தார்.

ரீகலுக்குப் போகும் பாக்கியம் எனக்கில்லை. எங்கள் ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்தில், ஜன்னலோரம் உட்கார்ந்து, கைப்பேசியில் பார்த்தேன். வெளியே பெரியாறு கால்வாயும் இருட்டும். உள்ளே 1950-களின் அமெரிக்கா. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். ஆங்கில வசனத்தில் பாதி எனக்குப் பிடிபடாது என்பதை இங்கே ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. ஆனால் இந்தப் படங்களுக்கு வசனம் அவ்வளவு தேவையில்லை.

முதலில் பார்த்தது 'இட் கான்கர்ட் தி வேர்ல்டு'. 1956-இல் ரோஜர் கோர்மன் எடுத்தது. வெள்ளிக் கிரகத்திலிருந்து ஒரு ஜந்து வந்து குகைக்குள் உட்கார்ந்துகொண்டு, வௌவால் போன்ற சிறு பிராணிகளை அனுப்புகிறது. அவை பிடரியில் கடித்தால் கடிபட்டவர் அதன் அடிமை. எல்லாம் சரி, கடைசியில் அந்த ஜந்து வெளியே வரும்போதுதான் சிரிப்பை அடக்க முடியவில்லை. தலைகீழாக நட்டுவைத்த ஒரு முள்ளங்கிக்குக் கையும் பல்லும் வைத்தது போல் இருந்தது. பக்கத்து இருக்கைப் பெரியவர் எட்டிப் பார்த்து, "என்னப்பா, பொம்மைப் படமா?" என்று கேட்டார்.

அடுத்தது 'இன்வேடர்ஸ் ஃபிரம் மார்ஸ்', 1953-இல் வந்த வண்ணப்படம். ஒரு சிறுவன், இரவில் தன் வீட்டுக்குப் பின்னால் ஏதோ இறங்குவதைப் பார்க்கிறான். பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன தகப்பனார் திரும்பி வருகிறார். அதே முகம், அதே சட்டை. ஆனால் பேச்சில் ஈரமில்லை. பையன் அவர் பிடரியில் ஒரு சிவப்புத் தழும்பைப் பார்த்துவிட்டு அது என்னவென்று கேட்க, ஓங்கி அறைகிறார். பின்னால் வரும் செவ்வாய்க்கிரகவாசிகளின் உடையில் முதுகுப்பக்கம் தையல்கூடத் தெரிகிறது. அதைப் பார்த்துச் சிரித்தேன். அந்த அறைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது, இவை எல்லாவற்றிலும் மேலானது: 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்'. 1956-இல் டான் சீகல் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். சின்ன ஊர் ஒன்றில் மருத்துவரிடம் ஒரு பெண், தன் மாமா தன் மாமாவே இல்லை என்கிறாள். முகம், குரல், பழைய நினைவுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் அவர் கண்ணில் எப்போதும் இருந்த ஏதோ ஒன்று இல்லை என்கிறாள். ஒரு சிறுவன், தன் தாய் தன் தாயல்ல என்று ஓடி வருகிறான். விண்ணிலிருந்து வந்த விதைகள் பெரிய நெற்றுகளாகி, தூங்குகிறவர்களைப் போலவே ஆட்களை விளைவித்துக்கொண்டிருக்கின்றன. தூங்கினால் போச்சு. இந்தப் படத்தில் நுரை படிந்த சில நெற்றுகளைத் தவிரப் பயங்கரமாகக் காட்டுவதற்கு ஒன்றுமே கிடையாது. அன்று இரவு ஊரில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, விளக்கு எரிந்த ஒவ்வொரு வீட்டையும் பார்த்துக்கொண்டே போனேன்.

என்னைக் கேட்டால், காசில்லாததுதான் இந்தப் படங்களுக்குக் கிடைத்த வரம் என்பேன். கையில் பணமிருந்தால் பூதத்தைச் செய்து காட்டிவிடலாம். இல்லாதவன் என்ன செய்வான்? தகப்பனாரின் முகத்தையே பூதமாக்குகிறான். முள்ளங்கி ஜந்து ஒரு நாளில் மறந்துபோகும். சாப்பாட்டு நேரத்தில் எதிரே உட்காரும் முகம் மறக்குமா?

நம் தமிழில் இப்படி உண்டா என்றும் தேடினேன். பறக்கும் தட்டு நம்மிடம் 1963-லேயே இறங்கிவிட்டது, எம்.ஜி.ஆர். நடித்த 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகத்தார் வந்து, தங்களுக்குக் கலை கற்பிக்க ஒரு பெண்ணைத் தூக்கிப் போகிறார்கள். நம்மூருக்கு வந்தால் பாட்டுக் கற்றுக்கொள்ளத்தான் வருவார்கள் போலும்! 1989-இல் வேலு பிரபாகரன் இயக்கிய 'நாளைய மனிதன்', செத்தவனை மருந்தால் எழுப்ப, அவன் கொலைகாரனாக எழுந்து வரும் கதை. எழுந்து வருபவர் அஜய் ரத்னம். ஆள் பயங்கரம்தான், ஆனால் அவர் யாருக்கும் அப்பா இல்லை. 2011-இல் வந்த 'ஏழாம் அறிவு' பெரிய முதல் போட்ட படம். வில்லன் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் தெருவில் போகிறவர்கள் எல்லாம் கத்தியோடு திரும்புகிறார்கள். அவர்களும் தெருவில் போகிறவர்கள்தாம். சி.வி. குமார் இயக்கிய 'மாயவன்' (2017) ஒன்றுதான் நான் தேடியதற்குக் கிட்டே வந்தது. ஒரு விஞ்ஞானியின் மனம் உடம்பு விட்டு உடம்பு மாறுகிறது. முகம் வேறு வேறு, உள்ளே இருப்பவன் ஒருவன்.

ஆனால் 'இவன் அவனில்லை' என்ற கதையை நம்மவர்கள் வேறு வழியில் எப்போதோ எடுத்துவிட்டார்கள் என்று பிறகுதான் உறைத்தது. இரட்டை வேடம்! எங்கள் அப்பத்தா சிறுமியாக டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து பார்த்த 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965) அதுதானே. கோழை ராமுவின் இடத்தில் துணிச்சல்காரன் ஒருவன் வந்து உட்கார்ந்துவிடுகிறான். ஆள் மாறியது கொட்டகையில் இருக்கும் நமக்குத் தெரியும், வீட்டாருக்குத் தெரியாது. அமெரிக்கப் படத்தில் தலைகீழ்: வீட்டில் ஒருவருக்குத் தெரியும், ஊர் நம்பாது.

அப்பத்தாவின் பேச்சை எடுத்துவிட்டேன். இனி அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஐப்பசியில் ஒரு நாள் அப்பத்தா களத்து மேட்டில் தடுமாறி விழுந்தது. இடது கை சில நாள் மரத்துக் கிடந்து பின் சரியாகிவிட்டது. மழைக்காலத்துக் குளிர் என்று விட்டுவிட்டோம். ஒரு மாதம் கழித்து, நான் புத்தகத்தோடு திண்ணையில் இருந்தபோது மெல்லக் கூப்பிட்டது.

"ஏய்யா, அந்தா உக்காந்து சாப்பிடுறானே, அவன் யாரு?"

"அப்பாதான் அப்பத்தா."

"ஒங்கப்பன் மாதிரித்தான் இருக்கான். மருகூட அதே எடத்துல இருக்கு. ஆனா ஒங்கப்பன் இல்ல."

எனக்கு முதுகு சில்லிட்டது. கைப்பேசியில் பார்த்த அதே வசனம், எங்கள் ஊர்த் தமிழில்.

அதற்குப் பிறகு அப்பா கையால் கொடுத்தால் தண்ணீர்கூடக் குடிக்காது. "எம்மவனை என்னடா செஞ்ச?" என்று கேட்கும். என்னையும் அம்மாவையும் தெரியும், சித்தப்பாவைத் தெரியும், ஆட்டுக்குட்டிகளைக்கூடத் தெரியும். தலைமகனை மட்டும் தெரியவில்லை. அப்பா மாட்டுத்தாவணிக் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். நடுச்சாமத்தில் போய் முற்பகலில் திரும்புவார். பேச்சு குறைந்த மனிதர். அந்த நாட்களில் இன்னும் குறைந்துபோனார். சாப்பாட்டை வாசலிலேயே வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார்.

சித்தப்பா ஒரு கோடாங்கியைக் கூட்டி வந்தார். உடுக்கை அடித்துப் பார்த்துவிட்டுக் கோடாங்கி சொன்னதுதான் வேடிக்கை. கிழவி சொல்வது சரி, பிசகு மகன் மேல்தான், ஏதோ ஒன்று ஏறி அவரை ஆட்டுகிறது என்றுவிட்டார்! ஆக, பேயோட்டியது அப்பாவுக்கு. முகமெல்லாம் திருநீறு அப்பி, தலையில் தண்ணீர் ஊற்றி, "யார்ரா நீ, பேரைச் சொல்லு" என்று கேட்கக் கேட்க, அப்பா தன் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். விலங்கியல் படிக்கிற நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. இதைத்தான் எழுதக் கை கூசுகிறது.

அதைவிடக் கூசுவது இன்னொன்று. அன்று சாயங்காலம் அப்பா குப்புறப் படுத்துத் தூங்கும்போது, யாருமில்லாத நேரம் பார்த்துக் கைப்பேசி வெளிச்சத்தை அவர் பிடரியில் அடித்துப் பார்த்தேன். பார்க்கும்போதே எனக்குத் தெரியும், இது பைத்தியக்காரத்தனமென்று. ஆனாலும் பார்த்தேன். தழும்பு இருந்தது. உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தடித்துக் கறுத்து, மாட்டின் கழுத்தில் நுகத்தடி பட்ட இடம்போல் காய்த்திருந்தது. இருபது வருஷம் அவர் முதுகுக்குப் பின்னால் வளர்ந்திருக்கிறேன். அன்றுவரை நான் அதைப் பார்த்ததில்லை.

மறுநாள் கல்லூரியில், படங்களின் பெயரை எழுதிக் கொடுத்த பேராசிரியரிடமே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பெரியாஸ்பத்திரிக்கு உடனே கூட்டிப் போ. இதற்குப் பெயர் இருக்கிறது" என்றார்.

பெயர் காப்கிரா. 1923-இல் ஜோசப் காப்கிரா என்ற பிரெஞ்சு மருத்துவர், தன் குடும்பத்தாருக்குப் பதிலாக அவர்களைப் போன்ற போலிகள் வந்துவிட்டதாக நம்பிய ஒரு பெண்ணைப் பற்றி, சக மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து எழுதினார். அந்தப் படங்களுக்கெல்லாம் முப்பது வருஷம் முந்தி! இதன் காரணத்தை ஆராய்ந்தவர்களில் ஒருவர் நம்மவர்: சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற வி.எஸ். ராமச்சந்திரன். விபத்தில் தலையில் அடிபட்டுத் தன் பெற்றோரைப் போலிகள் என்று சொன்ன ஓர் இளைஞனை அவர் சோதித்தார். முகத்தைக் கண்டு 'இன்னார்' என்று அறிவது மூளையில் ஓரிடம். கண்டதும் நெஞ்சில் பாசம் பொங்கச் செய்வது வேறிடம். இரண்டுக்கும் இடையே உள்ள பாதை அறுந்துபோனால், தாயின் முகம் தெரியும், தாய் என்ற உணர்வு வராது. உணர்ச்சி எழும்போது தோலில் லேசாக வியர்வை கசியும். பெற்றோரின் படத்தைக் காட்டியபோது அவனுக்கு அந்தக் கசிவு இல்லை. 'முகம் அதுதான், உணர்ச்சி இல்லை, ஆகவே இவர் போலி' என்று மூளை தானே ஒரு கதை கட்டிக்கொள்கிறது. அந்த இளைஞன் தொலைபேசியில் பேசினால் மட்டும் பெற்றோரை உடனே அறிந்துகொண்டான். காதின் பாதை அறுபடவில்லை.

பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் வலப்பக்கத்தில் அடைப்பு இருந்தது. அன்று களத்து மேட்டில் விழுந்தது குளிரால் அல்ல. இரத்த அழுத்தத்துக்கும் இரத்தம் உறையாமலிருக்கவும் மாத்திரை கொடுத்தார்கள். நாளாவட்டத்தில் குறையலாம், குறையாமலும் போகலாம் என்றார் மருத்துவர். "நான்தான் உன் மகன் என்று வாதாடாதீர்கள்" என்று அப்பாவிடம் தனியாகச் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார்.

தொலைபேசி விஷயத்தைப் பேருந்தில் வரும்போது அப்பாவிடம் நான்தான் சொன்னேன். அவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, மார்க்கெட்டிலிருந்து வந்தவர் வீட்டுக்குள் வராமல் கொல்லைப்புறம் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு தன் பட்டன் போனை எடுத்தார். உள்ளே அம்மாவின் போன் அடித்தது. எடுத்து அப்பத்தாவின் காதில் வைத்தேன்.

"ஆத்தா, நான்தான்."

"ஏய்யா, ராசா!" அப்பத்தா எழுந்தே உட்கார்ந்துவிட்டது. "எங்கய்யா இருக்க இத்தன நாளா? சாப்பிட்டியா? மூட்டை தூக்குறப்போ துண்டைச் சும்மாடு கட்டிக்க மறந்துராத."

இப்போது தினமும் நடக்கிறது இது. சாப்பாட்டுக்கு முன்னால் அப்பா வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். நேற்றும் போன் வந்தது. அப்பத்தா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது:

"இங்க ஒன்னைய மாதிரியே ஒருத்தன் வந்து தங்கியிருக்கான்யா. மொதல்ல பயந்துதான் போனேன். ஆனா நல்லவனாத்தான் தெரியுது. வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் குடுக்குறான். இருந்தாலும் நீ வெரசா வந்துரு."

"வாரேன் ஆத்தா" என்றார் அப்பா. "நான் வர்ற வரைக்கும் அவன் குடுக்குற மாத்திரைய வேண்டாம்னு சொல்லாம முழுங்கிரு."