பூஜை வைப்புக்கு முந்தின வாரம்

திருவனந்தபுரத்துப் பழவங்காடிப் பிள்ளையாருக்கு விடலை விழாத பகல் நேரம் குறைவு. பரீட்சைக்குப் போகிறவன், புது வண்டி வாங்கியவன், வழக்கில் ஜெயித்தவன், தோற்றவன் என்று யாராவது ஒருத்தர் வந்து தேங்காயை ஓங்கி எறிந்துகொண்டே இருப்பார். கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த எங்கள் நர்சரியில் பிள்ளைகள் எண் படித்தது அந்தச் சத்தத்தை வைத்துத்தான். ஒரு சத்தத்துக்கு ஒரு விரல் மடக்க வேண்டும். நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே, நூற்றெட்டு நேர்ந்துகொண்டவர் யாராவது வந்து சேர்வார். பத்து விரலும் மடங்கிவிடும்; சத்தம் நிற்காது. மூடிய இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு மொத்த வகுப்பும் என்னைப் பார்க்கும். ஒரு பெண்பிள்ளை மட்டும் என்னைப் பார்க்காமல் பக்கத்தில் இருந்த பையனின் கையைப் பிடித்து, அவன் விரலை ஒவ்வொன்றாக மடக்க ஆரம்பித்தாள். பத்துக்கு மேலே எப்படிப் போவது என்று அதைவிட நன்றாக நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

எண்பதுகளில் அங்கே டீச்சராக இருந்தேன். பிறகு கணவருக்கு வங்கியில் மாற்றல் வந்தது, சென்னைக்கு வந்தோம், நங்கநல்லூரிலேயே வயதும் ஆகிவிட்டது. திருவனந்தபுரத்தை விட்டு வந்தவர்கள் ஏங்குவதற்கென்று ஒரு வரிசை உண்டு. மழை, பாயசம், பத்மதீர்த்தக் கரை, சாயங்காலக் காற்று. எனக்கும் அதெல்லாம் பிடிக்கும்தான். ஆனால் புரட்டாசி பிறந்ததும் என் கை பரபரப்பது வேலைக்காக. வருஷம் முழுக்க இல்லை. ஒரே ஒரு வாரத்து வேலைக்காக.

நவராத்திரிக்கு முந்தின நாள் சாமிகள் வந்து சேரும். சமஸ்தானத்தின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகு, அந்த அரண்மனையின் தேவாரக்கட்டு சரஸ்வதி வருஷத்துக்கு ஒருமுறை இங்கே வந்து போகிறாள். கம்பர் பூஜித்த விக்கிரகம் என்பது ஐதீகம். துணைக்கு வேளிமலைக் குமாரசாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை. குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் ராத்தங்கி, மூன்றாம் நாள் கரமனை தாண்டிக் கிழக்கே கோட்டைக்கு வருவார்கள். 1956இல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்ததற்கு அப்புறமும் இது நிற்கவில்லை. இரண்டு மாநிலப் போலீசும் களியக்காவிளையில் மரியாதை செய்து சாமிகளை எல்லை தாண்ட விடுகிறது. வந்தபின் மூன்று பேருக்கும் மூன்று ஜாகை: சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம், குமாரசாமிக்கு ஆரியசாலை, நங்கைக்குச் செந்திட்டை.

மறுநாள் வகுப்பில் யானையைத் தவிர வேறு பேச்சு கிடையாது. சரஸ்வதி யானை மேலே வந்தாள் அல்லவா! பெஞ்சைப் பல்லக்காக்கித் தூக்கிக்கொண்டு சந்து முழுக்க ஊர்வலம் நடக்கும். சாமியாக இருக்க அவ்வளவு போட்டி கிடையாது. போலீசாக இருக்கத்தான் அடிதடி. ஆரியசாலையிலிருந்து வந்த பையன், “முருகன் எங்க வீட்டுப் பக்கத்துலதான் தங்கியிருக்காரு” என்று விருந்தாளியை வைத்துப் பெருமையடித்தான். செந்திட்டைப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அதை அப்படியே பாடமாக்கினேன். முற்றத்து மணலில் விரலால் கோடு இழுத்து, பிள்ளையார் கோயிலுக்கு ஒரு கல், கோட்டைவாசலுக்கு ஒரு சிரட்டை. மூன்று சாமிகளுக்கு மூன்று புளியங்கொட்டை; அவற்றை அவரவர் ஜாகையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். தன் வீடு எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு பிள்ளையும் காட்டும். நான்கு வயதில் திசை புரிவதற்கு இதைவிடப் பெரிய உபகரணம் தேவைப்பட்டதில்லை.

நவராத்திரி மண்டபத்தில் அந்த ஒன்பது நாளும் ஸ்வாதித் திருநாளின் கீர்த்தனைகளைப் பாடுவார்கள். அங்கே பெண்கள் பாடக்கூடாது என்பது அப்போதைய வழக்கம். 2006இல் பாறசாலை பொன்னம்மாள்தான் முதலில் பாடினார். எங்கள் நர்சரியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள் என்பதைச் சும்மா ஒரு தகவலாகச் சொல்லிவைக்கிறேன்.

எழுத்துக்கு மட்டும் ஆசாட்டி. எழுபதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் தன் வீட்டு முற்றத்தில், மணலில் எழுத்துச் சொல்லித்தரும் நிலத்தெழுத்துக் களரி நடத்தியவர். ஊரெல்லாம் நர்சரி வந்து களரிக்குப் பிள்ளைகள் குறைந்துபோனதும், எங்கள் தலைமை டீச்சர் அவரைக் கையோடு கூட்டிவந்து பின்கட்டில் உட்காரவைத்தார். பின்கட்டு அதிலிருந்து அவர் ராஜ்ஜியம். கரமனை ஆற்று மணல் ஒரு சாக்கு வரும். அதைச் சலிக்க வேண்டும், கழுவ வேண்டும், ஓலைப்பாயில் கொட்டி வெயிலில் உலர்த்த வேண்டும், மறுபடி சலிக்க வேண்டும். ரவைப் பதத்துக்கு வந்தால்தான் விடுவார். அதைவிடப் பருமனாக இருந்தால் பிள்ளைகளின் விரல் நுனி சிவந்துபோகும். ரொம்ப நைசாக இருந்தால் மின்விசிறி போட்டதும் எழுத்து பறந்துவிடும். ராத்திரியில் பூனை புழங்காமல் இருக்க மேலே பலகை போட்டு, பலகை மேலே அம்மிக்குழவி. காலையில் பலகையைத் தூக்கி மோந்து பார்ப்பது என் பொறுப்பு. அந்த வாரத்தில் ஒரு நாளாவது பூனை ஜெயித்துவிடும். அன்றைக்கு மணல் முழுவதையும் மறுபடி கழுவுவோம்.

பூஜை வைப்புக்குள் உயிரெழுத்து வரிசையை முடித்துவிட வேண்டும் என்பது ஆசாட்டியின் கணக்கு. சாலை பஜார்க் கடைக்காரர்களின் பிள்ளைகளும் கோட்டைக்குள் அக்ரஹாரத்துப் பிள்ளைகளும் தமிழ் எழுதும், மற்றதுகள் மலையாளம். மணல் ஒன்றுதான். பிள்ளையின் ஆள்காட்டி விரலைத் தன் விரலுக்குள் வைத்து முதல் தடவை அவரே ஓட்டுவார். இரண்டாம் தடவை மணிக்கட்டை மட்டும் பிடிப்பார். மூன்றாம் தடவை கையை எடுத்துவிட்டு, வேறெங்கோ பார்ப்பது போல வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார். ‘அ’வின் சுழிப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு கணம் நிற்கும். விரல் வேர்த்து மணல் ஒட்டிக்கொள்ளும். கால்சட்டையில் துடைத்துவிட்டு, நிறுத்திய இடம் எது என்று தேடும். கோணலாகப் போய்விட்டால் ஏறிட்டுப் பார்க்கும். ஆசாட்டி வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, “சும்மா எழுது மக்கா, அழிச்சுக்கிடலாம்” என்பார். புறங்கையால் ஒரு நிரவு. மணல் மறுபடி சமமாகிவிடும்.

தலைமை டீச்சர் மாண்டிசோரி முறையில் பயிற்சி பெற்றவர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. மரியா மாண்டிசோரி 1939இல் அடையாற்றுக்கு வந்தார். போரினால் ஊர் திரும்ப முடியாமல், சென்னையிலும் கொடைக்கானலிலும் இருந்தபடி ஆசிரியர்களைத் தயார் செய்தார். பிள்ளைகள் விரலால் தடவிப் பார்ப்பதற்காக உப்புத்தாளில் வெட்டிப் பலகையில் ஒட்டிய எழுத்துகள் அவர் முறையில் முக்கியம். எங்களிடமும் ஒரு பெட்டி இருந்தது. ஆசாட்டி ஒருநாள் அந்த ‘அ’வைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஒட்டுன மணலுல்லா இது! அழிக்கணும்னா எப்பிடி டீச்சரே?” என்று கேட்டார். தலைமை டீச்சர் பதில் சொன்ன ஞாபகம் எனக்கில்லை.

சென்னைக்கு வந்த பிறகுதான் எழும்பூர்க் கதை தெரிந்தது. 1789இல் அங்கே ராணுவத்தாரின் ஆதரவற்ற பையன்களுக்கான விடுதிப் பள்ளி ஒன்றை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலை குதிரையில் போகும்போது, நம் திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். அங்கிருந்த உதவியாசிரியருக்கு அது பிடிக்கவில்லை. பெல் விடாமல், ஜான் ஃப்ரிஸ்கின் என்ற எட்டு வயதுப் பையனைப் பிடித்து, சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார். ஊர் திரும்பியபின் 1797இல் அதைப் புத்தகமாகப் போட்டார். அது மதராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. சட்டாம்பிள்ளை ஏற்பாடு நமக்குப் புதிதா என்ன? எங்கள் பின்கட்டிலும் ஐந்து வயதுச் சட்டாம்பிள்ளை ஒருத்தி இருந்தாள். ஆசாட்டி மூத்திரம் போக எழுந்தால் போதும், அந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இல்லாத வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவாள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் சாலைக்குப் போவோம். பழவங்காடியிலிருந்து ரோட்டைத் தாண்டினால் காந்தி பார்க், அதற்குப் பக்கத்தில் சாலைத் தெரு தொடக்கம். ராஜா கேசவதாஸ் திவானாக இருந்தபோது உண்டாக்கிய கடைத்தெரு. ஒரு நீளக் கயிற்றில் முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு ஒரு பிள்ளையாகப் பிடித்துக்கொண்டு வரும். முன்னே நான், பின்னே ஆயா. கைவண்டிக்காரர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள்; திட்டுகிறவர்கள்கூட மலையாளத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்துச் சிரித்துவிடுவார்கள். பூஜைக்கு வேண்டிய பொரியும் அவலும் வெல்லமும் வாங்குவதுதான் வேலை. ஆனால் சுக்கு, மிளகு, கொட்டைப்பாக்கு என்று மூட்டை மூட்டையாகக் கை விட்டுப் பார்க்காமல் யாரும் நகர மாட்டார்கள். தராசில் படிக்கல் வைத்ததும் தட்டு ஏன் இறங்குகிறது என்று ஒரு பையன் கேட்டான். நாகர்கோவில்காரக் கடைக்காரர் அவனையே தூக்கி மூட்டை நிறுக்கும் தராசில் வைத்துக் காட்டினார். அவ்வளவுதான், மீதிப் பேரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். யார் எத்தனை கிலோ என்று கடைக்காரர் சத்தமாகச் சொல்ல, பாதித் தெரு வேடிக்கை பார்த்தது. ஆ. மாதவன் கடை வைத்திருந்ததும் அந்தத் தெருவில்தான். எழுத்தாளர் என்று அப்போது எனக்குத் தெரியாது. சென்னையில் உட்கார்ந்து அவருடைய கடைத்தெருக் கதைகளைப் படித்தபோது, அந்தக் கைவண்டிக்காரர்களெல்லாம் மறுபடி வந்து வழி மறித்தார்கள்.

துர்காஷ்டமி சாயங்காலம் பூஜை வைப்பு. பிள்ளைகள் அவரவர் சிலேட்டையும் படப் புத்தகத்தையும் கொண்டுவந்து அடுக்கும். தலைமை டீச்சரின் வருகைப் பதிவேடு, ஆயாவின் கரண்டி, ஆசாட்டியின் சல்லடை எல்லாம் அந்த அடுக்கில் சேரும். விஜயதசமி காலையில் எடுக்கும்வரை யாரும் எதையும் படிக்கக்கூடாது. அத்தனை நாள் படி படி என்று துரத்திவிட்டு, இப்போது படித்தால் தப்பு என்று நாங்களே சொன்னதில் பிள்ளைகளுக்கு வந்த ஆனந்தத்தை என்ன சொல்ல! பஸ்ஸின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டுவிட்டதே என்று இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போனதுகளும் உண்டு. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள்தான் அதிகமாகப் பொத்திக்கொள்ளும்.

விஜயதசமிக்கு மற்ற இடங்களில் தாம்பாளத்தில் அரிசி பரப்பி ஹரிஸ்ரீ எழுதுவார்கள், மோதிரத்தால் நாக்கில் எழுதுவார்கள். எங்களிடம் அரிசியும் உண்டு, மணலும் உண்டு. புதுப் பிள்ளைகள் எழுதி முடித்தபின் கூட வந்த பெரியவர்களும் உட்கார வேண்டும். அது கேரள வழக்கம். ஆட்டோ ஓட்டுகிற அப்பாக்கள் முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி, மணலில் விரல் வைத்து, பக்கத்தில் இருக்கும் மகன் தன் எழுத்தைப் பார்க்கிறானா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள்.

என் பேத்தி இங்கே யூ.கே.ஜி. படிக்கிறாள். வெள்ளிக்கிழமையானால் அந்த வாரம் அவள் கிழித்த, ஒட்டிய, வரைந்த எல்லாமும் கோப்பில் வந்துவிடும். கைப்பேசியில் படம் வேறு. டீச்சர்கள் பாவம், படம் எடுக்கவே ஒரு ஆள் வேண்டும். குறை சொல்லவில்லை, ஆசையாகத்தான் பார்க்கிறேன். எங்கள் பிள்ளைகள் எழுதியதில் ஒரு எழுத்துகூட என்னிடம் இல்லை. எழுதின அடுத்த நிமிஷம் ஆசாட்டியின் புறங்கை. அந்தச் சமயத்தில் அது ஒரு இழப்பாகவே தோன்றவில்லை. இப்போது ஏங்க உட்கார்ந்தால் கையில் பிடித்துக்கொள்ள ஒரு காகிதமாவது இருந்தால் நன்றாக இருக்குமே என்று இருக்கிறது. இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் அவ்வளவு தைரியமாகக் கோணல் எழுதியிருக்குமா என்பது வேறு விஷயம்.

திருவனந்தபுரத்தில் இருக்கும் என் சிநேகிதியின் மகள் அங்கன்வாடி டீச்சர். அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2இல் தொடங்கியது. அவளுக்கும் கிட்டத்தட்ட அந்த வயதுதான். உப்புமா வேண்டாம், பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று ஒரு பொடியன் கேட்ட வீடியோ கேரளம் முழுக்கச் சுற்றியதையும், 2025 ஜூனில் அரசாங்கம் அறிவித்த புதுச் சாப்பாட்டுப் பட்டியலில் முட்டை பிரியாணி இடம்பிடித்ததையும் அவள்தான் போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். போன தடவை பேசும்போது, நவராத்திரி சமயத்தில் ஒரு வாரம் வந்து இருந்துவிட்டுப் போங்கள், பிள்ளைகளோடு உட்காரலாம் என்றாள். மரியாதைக்குச் சொல்லியிருப்பாள். நான் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சம்பளம் வேண்டாம், பிரியாணி போட்டால் சரி. மணல் சலிப்பேன், கழுவுவேன். காலையில் பலகையைத் தூக்கி மோந்து பார்க்கிற வேலையை மட்டும் அவள் எடுத்துக்கொள்ள வேண்டும்.