குறுக்கே கிடக்கும் குற்றி

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியை விட்டு இறங்கிக் காட்டோரக் கிராமம் ஒன்றை நாடுவோமாயின், ஐப்பசி, கார்த்திகை மழையிற் சாய்ந்த மரமோ, யானை தள்ளிவிட்ட மரமோ பாதைக்குக் குறுக்கே கிடக்கக் காண்போம். நம் கல்லூரி மாணவருட் பலர் மோட்டார்ச் சைக்கிளில் இத்தகைய பாதைகளிற் செல்பவராதலின், குற்றியைக் கடக்கும் முறையை நாம் பழகி அறிந்த அளவில் இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

“சுற்றிப் போனால் என்ன?” என வெளியூர் அன்பர் வினவக்கூடும். பிறநாட்டிற்கு அது நல்ல அறிவுரை. 2009இற் போர் ஓய்ந்தபோது வன்னி மண்ணிற் கண்ணிவெடிகள் எஞ்சி நின்றன. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை இணைந்தது 2017இலேயாம். வெடி அகற்றுவோர் முழந்தாளிட்டு, சாண் சாணாக நிலத்தை மீட்டுத் தந்தனர். ஆயினும் மண்டையோட்டுப் பலகைகளுக்கிடையே நடமாடிய நமக்கு, மிதிபட்ட தடத்தை விட்டுப் பற்றைக்குள் இறங்கக் கால் எழுவதில்லை. ஆகவே கடத்தல், அன்றேல் திரும்புதல் என இரண்டே வழிகள் உள.

முதலில் வண்டியை நிறுத்தி, இறங்கிப் பார்த்தல் வேண்டும். குற்றி சில்லின் அச்சுக்கு மேல் உயர்ந்ததாயின் ஏற முயலுதல் தகாது. எஞ்சினின் அடிப்பாகம் மரத்திற் குந்திவிடும். தாழ்ந்த குற்றியாயினும் நனைந்த பட்டை வழுக்கும். பட்டை உரிந்த ஈரமரம் அதனினும் வழுக்கும்.

பின்னர், முதலாம் கியரில், நடையினும் சற்று விரைவாக, குற்றிக்கு நேர்செங்குத்தாக அணுகுக. சரிவாக ஏறின், முன்சில்லு மரத்தின் வழியே வழுக்கிச் செல்ல, ஓட்டுபவர் வீழ்வர். இருக்கையை விட்டு எழுந்து நின்று, முழங்காலையும் முழங்கையையும் சற்றே மடக்குக. கண் குற்றியில் நில்லாது, அதற்கப்பாலுள்ள தடத்தில் நிற்க வேண்டும். முன்சில்லு மரத்தை அணுகும் கணத்தில் அக்சிலேற்றரைச் சிறிது முறுக்கினால், முன்பாரம் குறைந்து சில்லு எழும். அது மரத்தின்மேற் பட்டதும் முறுக்கைத் தளர்த்தி, உடலை முன்னே செலுத்துக. வந்த வேகமே பின்சில்லை ஏற்றிவிடும். பின்சில்லு மரத்தின்மேல் இருக்கையில் முறுக்கினால், அது பட்டையிற் சுழன்று வண்டியைப் பக்கவாட்டில் வீசும். முறுக்க யாவரும் எளிதிற் கற்பர். விடவேண்டிய கணத்தில் விடுதலே அரிது.

ஸ்கொட்லாந்தில் நிகழும் ஆறுநாட் சோதனைப் போட்டியில், பாறையையும் ஓடையையும் காலூன்றாது கடப்பதே திறமை. காலூன்றின் குற்றப்புள்ளி சேரும். 1965இல் அதனை வென்ற சாமி மில்லர் ஓட்டியது பாரங்குறைந்த புல்ட்டாக்கோ வண்டி. வன்னியார்க்கும் இக்கலை புதிதன்று. 1990களிற் பொருளாதாரத் தடையாற் பெற்றோல் அரிதானபோது, எம்.டி. 90 போன்ற சிறு வண்டிகளைச் சில துளி பெற்றோலாற் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினர். வலு குன்றிய அவ்வண்டிகளில் மூடைகளை ஏற்றிச் சென்றோர், எங்கே முறுக்குவது, எங்கே விடுவது என்பதை நன்கு கற்றனர்.

இன்னுமொன்று சொல்ல வேண்டும். தலைக்கவசமும் கணுக்காலை மூடும் சப்பாத்தும் அணிந்து, குற்றியைச் செவ்வனே கடந்தவர், அத்துடன் தம் வழியே செல்லுதல் முறையன்று. இருவர் மூவர் கூடினால் அதனை உருட்டிப் பாதையோரம் ஒதுக்கலாம். இயலாவிடின் ஊரிற் சென்று சொல்லி, ஆளும் கோடரியும் அனுப்பலாம். பள்ளி விட்டுத் துவிச்சக்கர வண்டியில் வரும் சிறுமி நமது வித்தையை அறியாள். பற்றைக்குள் இறங்கிச் சுற்றவே அவள் எண்ணுவாள்.