பொம்மைக்கும் விசா உண்டு

ஒரு பொம்மை ஒரு நாட்டுல கிடைக்கும், இன்னொரு நாட்டுல கிடைக்காது. வாங்க ஆள் இல்லாம இல்லை. எப்பவோ யாரோ போட்ட கையெழுத்து அப்படி. இதுக்கு ஜெட்ஃபயரை விட நல்ல சாட்சி கிடையாது.

1982-ல ஜப்பான்ல மேக்ராஸ்னு ஒரு கார்ட்டூன் தொடர் வந்தது. அதுல வர்ற விஎஃப்-1 வால்கிரிங்கிற போர் விமானம் கையும் காலும் முளைச்சு ரோபோவா எழுந்து நிக்கும். டகடோகு டாய்ஸ் அதை 1/55 அளவுல பொம்மையா விட்டாங்க. 1984-ல கம்பெனி திவால். மோல்டு பண்டாய் கைக்குப் போச்சு. அடுத்த வருஷம் அதே பொம்மைக்கு சிவப்பு அடிச்சு, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில ஜெட்ஃபயர்னு அமெரிக்காவுல வித்தது ஹாஸ்ப்ரோ.

இங்கதான் கூத்தே. ஜப்பான்ல அப்போ டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வித்தது டகாரா. அவங்களுக்கும் பண்டாய்க்கும் ஏழாம் பொருத்தம். போட்டிக் கம்பெனி மோல்டுல வந்ததை டகாரா எப்படிக் கடையில வைக்கும்? வைக்கலை. ஜப்பான்ல பொறந்த பொம்மைக்கு ஜெட்ஃபயரா ஜப்பானுக்குள்ள நுழைய வழியில்லை! கார்ட்டூன்லயும் ஸ்கைஃபயர்னு பேரை மாத்தி, உருவத்தையும் வேற மாதிரி வரைஞ்சுட்டாங்க. டிவியில பார்த்துட்டு கடைக்கு ஓடின பசங்க கையில கிடைச்சது வேற ஆளு. முதல்ல வந்த ஜெட்ஃபயர் இறக்கையில மேக்ராஸ் படைச் சின்னம்கூட இருக்கும், அப்புறம் எடுத்துட்டாங்க. சிலதுல பண்டாய் பேரே பதிஞ்சிருக்கும். பகையாளி வீட்டுக் கல்யாணப் பந்தியில நம்ம வீட்டுப் பேர் வெட்டின பாத்திரம் மாதிரி.

அதே காலத்துல இன்னொரு கையெழுத்து. ஹார்மனி கோல்டுங்கிற அமெரிக்க கம்பெனி, ஜப்பானுக்கு வெளியே மேக்ராஸ் உரிமையை தட்சுனோகோ கிட்ட வாங்கி, வேற ரெண்டு தொடரோட ஒட்டுப்போட்டு 1985-ல ரோபோடெக்னு ஒளிபரப்பினாங்க. வால்கிரி அங்க வெரிடெக் ஆயிடுச்சு. ஜப்பான்ல உரிமைக்காரர் பிக் வெஸ்ட். அப்புறம் என்ன, கோர்ட்டு, கேசு, இழுபறி. பண்டாய் அங்க புதுசு புதுசா விட, அமெரிக்கக் கடைகளுக்கு அது முறைப்படி வராது. ரோபோடெக் பேர்ல டாய்னமி பண்ணினது வரும்.

ஹார்மனி கோல்டை மட்டும் திட்டறது நியாயமில்லை. காசு கொடுத்து வாங்கின உரிமை. அவங்க இல்லேன்னா அமெரிக்காவுல பாதிப் பேருக்கு இந்த விமானமே தெரிஞ்சிருக்காது. ஆனா வாங்கினது 1982 தொடரை. பின்னாடி வந்த தொடர்களையும் சேர்த்து வாசல்ல நிறுத்தினதுதான் வயித்தெரிச்சல்.

2008-ல மேக்ராஸ் ஃபிரான்டியர் வந்தது. அதோட விஎஃப்-25 மேல எனக்கு ஒரே ஆசை. அப்போ நியூஜெர்ஸியில இருந்தேன். டோக்கியோவுல வேலை பார்த்த நண்பன், ஊர்லேர்ந்து ஊறுகாய் பாட்டில் வர்ற மாதிரி, சட்டைக்கு நடுவுல சுத்திக் கொண்டு வந்தான். "இதெல்லாம் இங்க கடையில கிடைக்காதா?"ன்னு தங்கமணி கேட்டாங்க. 1982-லேர்ந்து ஆரம்பிச்சேன். டகடோகு திவாலாகறதுக்குள்ள எழுந்து போயிட்டாங்க :-)

ஒரு வழியா 2021 ஏப்ரல்ல பிக் வெஸ்டும் ஹார்மனி கோல்டும் சமாதானமாயிட்டதா அறிவிச்சாங்க. பின்னாடி வந்த மேக்ராஸ் தொடர்கள்ல பெரும்பாலானதுக்கு உலகம் பூரா வழி திறந்தது. முதல் தொடர் மட்டும் ஜப்பானுக்கு வெளியே பழைய இடத்துலயே. சேதியை அந்த நண்பனுக்கு அனுப்பினேன்.

"அப்ப இனிமே என் பெட்டியில என் துணியை வச்சுக்கலாமா?"ன்னு பதில் வந்தது.