செஷயர்: ஊரா, ஆளா?

பி.காம் படிக்கிறவங்களுக்கு ஒப்பந்தச் சட்டம் என்றாலே கொட்டாவிதான். அதில் அவ்வப்போது தலைகாட்டும் ஒரு புத்தகம் "செஷயர் அண்ட் ஃபிஃபூட்". 1945-ல் முதலில் வந்தது. இந்த செஷயர், ஆக்ஸ்ஃபோர்டு சட்ட அறிஞர் ஜெஃப்ரி செஷயர். இங்கிலாந்தின் வடமேற்கில் செஷயர் என்றே ஒரு பழைய கவுண்டி (நம்ம ஜில்லா மாதிரி) இருக்கு. இவர் பிறந்ததும் அங்கேதான்!

ஊர்ப்பெயர் எப்படி குடும்பப்பெயர் ஆச்சு? யோசிச்சா சிம்பிள். செஷயரிலேயே இருப்பவனை "செஷயர்காரன்" என்று எதுக்குக் கூப்பிடணும்? அங்கே எல்லாருமே செஷயர்காரங்கதானே! வெளியே போனவனுக்குத்தான் அந்தப் பெயர் ஒட்டும். ஆக, பெரும்பாலும் அது ஊரை விட்டுக் கிளம்பியவனின் பெயர்.

கவுண்டியின் கதை இன்னும் தமாஷ். 1086-ல் எடுத்த 'டூம்ஸ்டே' கணக்கெடுப்பிலேயே அதன் பெயர் உண்டு. 1974-ல் ஸ்டாக்போர்ட் கிரேட்டர் மான்செஸ்டருக்கும், விர்ரல் பகுதியில் பெரும்பங்கு மெர்சிசைடுக்கும் போயாச்சு. 2009-ல் கவுண்டி கவுன்சிலையே கலைச்சு, இரண்டு நிர்வாகமாகப் பிரிச்சுட்டாங்க. 'ஆலிஸ்' கதையில் உடம்பு மறைந்து சிரிப்பு மட்டும் மிஞ்சுமே, செஷயர் பூனை? அதே கதிதான். கவுன்சில் போச்சு, பெயர் மட்டும் ஜம்முன்னு இருக்கு. அதை எழுதிய லூயிஸ் கரோலும் அந்த மண்ணில் பிறந்தவர்தான் (1832).

ஆனா என்னை யோசிக்க வைத்தவர் பேராசிரியரின் மகன் லெனார்ட் செஷயர். 1917-ல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானி. 1944-ல் விக்டோரியா கிராஸ் வாங்கினார். 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் அணுகுண்டு வெடித்ததை, பிரிட்டன் அனுப்பிய பார்வையாளராக விமானத்திலிருந்து நேரில் பார்த்தார்.

போர் முடிந்தது. 1948-ல், போக்கிடம் இல்லாமல் சாகக் கிடந்த ஒருவரைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்து கடைசிவரை பார்த்துக்கொண்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் மாற்றுத்திறனாளிகளுக்கான செஷயர் ஹோம்ஸ். 1950-களிலேயே இந்தியாவுக்கும் வந்தது. 1959-ல் அவர் சூ ரைடரைக் கல்யாணம் செய்துகொண்டதும் பம்பாயில்தான். 1991-ல் பிரபு பட்டம் கொடுத்தபோது பட்டத்தில் செஷயர் என்ற பெயர் இருந்தது. ஆனா கூடவே சேர்த்த ஊர் லிங்கன்ஷயரில் உள்ள உட்ஹால்! மறு வருஷம் காலமானார்.

அக்கவுன்டன்ஸியில் ஒரு விதி படிக்கிறோம். காசு கொடுத்து வாங்கிய குட்வில்லை பேலன்ஸ் ஷீட்டில் காட்டலாம். நாமே சம்பாதிச்ச குட்வில்லைக் காட்ட முடியாது. லெனார்டுக்கு செஷயர் என்ற பெயர் ஓசியில் வந்தது. இந்தியாவில் அந்தப் பெயருள்ள இல்லத்தில் இருக்கிற ஒருத்தருக்கு கவுண்டியும் தெரியாது, பூனையும் தெரியாது. அவருக்கு செஷயர் என்றால் தலைக்கு மேல ஒரு கூரை. அந்த அர்த்தத்தை லெனார்ட் தானே சம்பாதிச்சார்.

நம்ம பெயருக்கும் அப்பா, தாத்தா ஏதோ ஒரு அர்த்தம் வைத்துவிட்டுத்தான் போயிருக்காங்க. நாம அதில் என்ன சேர்க்கப் போறோம்? எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராத கணக்கு இது. ஆனா டேலி ஆகணும், இல்லையா?